தக்காளி ஏன் சுருண்டது? லண்டன் அலொட்மென்ட் ஒன்றில் எருவால் வந்த பாதிப்பு

லண்டனின் வடமேற்குப் புறநகரில் உள்ள ஓர் அலொட்மென்ட் (மக்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டுகள்) தொகுதியில் 2020 இலிருந்து 2024 வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். காணிக்காரரின் சம்மதம் பெற்றிருக்கிறேன். பெயர்களையும் இடத்தையும் சொல்லவில்லை. நான் அவர்களுக்கு இரண்டு துண்டு தள்ளித் தோட்டம் செய்கிறேன், தொகுதியின் குழுவிலும் இருக்கிறேன். இதில் நடந்த தவறில் எனக்கும் பங்கு உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

காணிக்காரர் ஒரு கணவன் மனைவி. அவர்களை இங்கே அண்ணை, அக்கா என்றே சொல்கிறேன். துண்டு கிடைத்தபோது அவருக்கு 66 வயது, மனைவிக்கு 61. இருவரும் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர்கள். அண்ணையின் தகப்பன் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். அண்ணையும் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே கிணற்றடியில் தண்ணீர் கட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கவுன்சிலின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்தார். நாலு வருடம் காத்திருந்து 2020 அக்டோபரில் அரைத் துண்டு கிடைத்தது.

அலொட்மென்ட் என்பது பழைய ஏற்பாடு. மக்கள் கேட்டால் பயிர்செய்யத் துண்டுக் காணி கொடுக்கும் பொறுப்பை 1908 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களிடம் விட்டது. காணியில் விளைவது பெரும்பாலும் குத்தகைக்காரரின் வீட்டுச் சாப்பாட்டுக்கான மரக்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்பது 1922 ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு முழுத் துண்டின் வழக்கமான அளவு 10 ரொட், அதாவது 10 பேர்ச். நமது ஊரில் காணி அளக்கும் பரப்பு என்ற அளவும் அதே 10 பேர்ச்தான், 16 பரப்பு ஓர் ஏக்கர். இதை நான் சொன்னபோது அண்ணை, “அப்ப அரைப் பரப்பு எண்டு சொல்லுமன்” என்றார். அதற்குப் பிறகு அவர் சதுர மீட்டரில் பேசியதே இல்லை.

மண் லண்டன் களி. மாரியில் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு விடாது, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துப் போகும். முன்பு வைத்திருந்தவர் இரண்டு வருடமாக வராததால் முட்பற்றையும், நமது அறுகு போல வெள்ளை வேர் விட்டு ஓடும் கூச் புல்லும் துண்டு முழுவதும் மூடியிருந்தன.

முதல் வருடம்

அந்த மாரி முழுவதும் துப்புரவுக்கே போனது. இந்தப் புல்லை இயந்திரத்தால் உழக்கூடாது. வெட்டுப்படும் ஒவ்வொரு வேர்த் துண்டும் புதிதாக முளைக்கும். அதனால் இருவரும் ஃபோர்க்கால் கிளறி, வேரைக் கையால் இழுத்தெடுத்தார்கள். பாதிக் காணியைக் கிளறினார்கள், மீதியைக் காட்போட் மட்டையும் கறுப்புப் பொலித்தீனும் போட்டு மூடினார்கள். ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 20 அடி நீளமாக எட்டுப் பாத்திகள் வந்தன.

2021 ஏப்ரல் பிரித்தானியாவில் 60 ஆண்டுகளில் அதிக உறைபனி விழுந்த ஏப்ரல். முதலில் முளைத்த உருளைக்கிழங்குக் கொழுந்துகள் ஒரே இரவில் கறுத்தன. பிறகு தழைத்தாலும் விளைச்சல் போதவில்லை. தக்காளி ஓகஸ்டில் வெளிறல் (பிளைட்) நோயில் போனது. போஞ்சி மட்டும் கை கொடுத்தது.

அண்ணையின் கணிப்பு, மண்ணில் சத்தில்லை, எரு வேண்டும் என்பது. ஆட்டுப்பட்டி கட்டி, குழை தாட்டு (பச்சை இலைதழையை மண்ணில் புதைத்து), மாட்டெரு பரப்பிய மண்ணில் வளர்ந்தவர் வேறெப்படி நினைப்பார்? அந்தக் கணிப்பில் பிழையும் இல்லை. களிமண் இளகுவதற்கு மக்கிய பொருளை விட நல்ல மருந்து கிடையாது.

எரு வந்தது

2021 நவம்பரில் சில மைல் தள்ளியிருந்த குதிரை லாயம் ஒன்றிலிருந்து எரு வந்தது. எருவுக்குக் காசில்லை, வண்டிக்கூலி மட்டும்தான். அண்ணையோடு இன்னும் இரண்டு துண்டுக்காரர்கள் அந்தச் சுமையில் பங்கு எடுத்தார்கள். இரண்டு வருடம் கிடந்து மக்கிய எரு. கறுப்பாக, உதிரியாக இருந்தது, உள்ளே சிவப்பு மண்புழு நெளிந்தது. நானும் ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தேன். மழை பெய்த மண்ணின் மணம்தான் வந்தது. “நல்ல எரு அண்ணை” என்று சொன்னது நான்தான்.

எத்தனை மாதம் பழையது, குதிரைக்குப் படுக்கையாகப் போட்டது வைக்கோலா மரச்சீவலா என்று கேட்டோம். குதிரை தின்ற உலர்புல் எங்கேயிருந்து வந்தது, அந்தப் புல்வெளிக்கு என்ன தெளித்தார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

தள்ளுவண்டியில் சுமார் 40 நடை. ஆறு பாத்திகளில் மூன்று அங்குலத் தடிப்பில் பரப்பி லேசாகக் கொத்திவிட்டார்கள். ஏழாவது பாத்தியில் ஏற்கெனவே உள்ளியும் வெங்காயமும் ஊன்றியிருந்ததால் அதற்குப் போடவில்லை. வேலியோரம் இருந்த எட்டாவது பாத்திக்கு எரு எட்டவில்லை. அந்தக் குறை பிறகு எங்களுக்குப் பெரிய உதவியாக முடிந்தது.

2022 இல் சித்திரை வருடப்பிறப்பு ஏப்ரல் 14, மறுநாள் பெரிய வெள்ளி. பெரிய வெள்ளியன்று உருளைக்கிழங்கு நடுவது இங்கத்தைய வழக்கம். அக்கா முதல் நாள் பொங்கி, மறுநாள் கிழங்கு ஊன்றினார். மார்ச்சில் ஜன்னலோரம் முளைக்க வைத்த 28 தக்காளிக் கன்றுகளில் 24 ஐ மே 21 இல், உறைபனிப் பயம் நீங்கியபின், பாத்தியில் நட்டார்கள். மிஞ்சிய நாலைக் கடையில் வாங்கிய கொம்போஸ்ட் பையில் வைத்துக் கொட்டிலோரம் விட்டார்கள். போஞ்சியை ஒரு எருப் பாத்தியிலும் வேலியோரப் பாத்தியிலும் போட்டார்கள். இன்னும் ஒரு பாத்தியில் சோளம், ஒன்றில் பூசணி, ஒன்றில் கோவா (முட்டைக்கோஸ்).

ஜூனில் கண்டது

முதலில் போஞ்சியில்தான் தெரிந்தது. முளைத்தது, இரண்டு இலை விட்டது, அடுத்த இலைகள் விரியவில்லை. ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து சின்னக் கிண்ணம் போல நின்றன. நரம்புகள் ஒன்றோடொன்று நெருங்கி, இலை முழுவதும் சுருக்கம். ஒரு கிழமைக்குள் உருளைக்கிழங்கின் நுனிக் கொழுந்து கைவிரல்களைப் பொத்தியது போல உள்ளே வளைந்தது. ஜூன் நடுப்பகுதியில் தக்காளி. இலை அகலம் இழந்து பன்னத் தழை மாதிரி மெலிந்தது, தண்டு முறுகியது, பூ வந்தாலும் காய் பிடிக்கவில்லை. மஞ்சளிப்பு இல்லை, கருகல் இல்லை, புழுவோ பேனோ இல்லை. நிறம் கடும் பச்சை, உருவம் மட்டும்தான் குலைந்திருந்தது.

அக்கா தண்ணீர் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். கடற்பாசிக் கரைசல் தெளித்தார். எதற்கும் அசையவில்லை.

யார் மேல் சந்தேகம்

வைரஸ் என்றார் ஒருவர். தக்காளி இலையை நூலாக்கும் வைரஸ் உண்டு என்பது உண்மைதான். ஆனால் போஞ்சி, உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றும் ஒரே இரண்டு கிழமைக்குள் ஒரே விதமாகச் சுருளும் என்று எனக்குத் தோன்றவில்லை. தழைச்சத்து கூடிவிட்டது என்றார் இன்னொருவர்.

அண்ணையின் சந்தேகம் வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் செய்யும் ஆங்கிலேய முதியவர் மேல் விழுந்தது. மே மாதத்தில் அவர் முதுகில் தெளிகருவியோடு நடைபாதைப் புல்லுக்கு மருந்து அடித்ததை அக்கா பார்த்திருந்தார். “தெளிச்சதைக் கண்ணால கண்டனான்” என்றார். குழுவுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதித் தரச் சொல்லி அண்ணை என்னிடம் வந்தார். கோபம் என்பதை விட அவர் முகத்தில் கவலைதான் தெரிந்தது. 20 மாத உழைப்பு அவர் கண்முன்னே சுருண்டுகொண்டிருந்தது.

ஒரு கிழமை பொறுங்கோ, அதற்குள் ஒரு படம் கீறுவோம் என்று கேட்டுக்கொண்டேன். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் இதைத்தான் மிகவும் பயனுள்ளதாக நினைக்கிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

படம் சொன்னது

ஒரு தாளில் எட்டுப் பாத்திகளையும் கீறினோம். எந்தப் பாத்தியில் என்ன பயிர், எரு போட்டதா, சுருண்டதா என்று ஒவ்வொன்றாக எழுதினோம். முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

முதியவரின் காணிக்கு மிக அருகில் இருந்தது எட்டாவது பாத்தி. காற்றில் மருந்து வந்திருந்தால் முதலில் அடிபட வேண்டியது அதுதான். அங்கே போஞ்சி கம்பில் ஏறிப் பூத்திருந்தது. அதே பையிலிருந்து எடுத்த அதே விதை எருப் பாத்தியில் கிண்ணமாக நின்றது. கொட்டிலோரப் பையில் இருந்த நாலு தக்காளியும் நேராக வளர்ந்தன. சோளத்துக்கும் கோவாவுக்கும் எரு போட்டிருந்தும் ஒன்றுமில்லை. பூசணி கொஞ்சம் மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். எருவில் பங்கெடுத்த மற்ற இருவரையும் கேட்டோம். கோவாவுக்குப் போட்டவர் எல்லாம் நலம் என்றார். உருளைக்கிழங்குக்குப் போட்டவரின் செடிகள் அண்ணையின் செடிகளைப் போலவே வளைந்திருந்தன.

படத்தோடு முதியவரிடம் நானும் அண்ணையும் போனோம். குற்றம் சொல்லவில்லை, என்ன தெளித்தீர்கள் என்று மட்டும் கேட்டோம். அவர் தன் கொட்டிலுக்குள்ளிருந்து போத்தலை எடுத்துக் காட்டினார். கிளைபோசேட் என்ற களைநாசினி. அது பட்ட செடி பொதுவாக மஞ்சளித்துப் பட்டுப்போகும், கடும் பச்சையாக நின்று இப்படிக் கிண்ணமாகச் சுருளாது. பிறகு அவரே எங்களோடு வந்து போஞ்சி இலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, 2008 இல் தன் சொந்தத் துண்டில் இதைக் கண்டதாகச் சொன்னார். எரு எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். முறைப்பாட்டுக் கடிதத்தில் யாருடைய பெயர் எழுதப்பட இருந்ததோ, அவர்தான் காரணத்தைச் சொன்னார். அண்ணை அன்று பின்னேரம் முழுக்க அதிகம் பேசவில்லை.

என்ன நடந்திருந்தது

அமினோபைரலிட் என்பது புல்வெளியில் அகன்ற இலைக் களைகளை அழிக்கும் களைநாசினி. புல்லை ஒன்றும் செய்யாது. தெளித்த புல்லைக் குதிரையோ மாடோ தின்றால் மருந்து உடைந்து அழிவதில்லை, பெரும்பாலும் அப்படியே வெளியே வரும். எருவில் மக்காத நார்த் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் நுண்ணுயிர்கள் அந்த நாரை உடைக்க உடைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். போஞ்சி, பட்டாணி, தக்காளி, உருளைக்கிழங்கு, லெட்டஸ், கரட் எல்லாம் இதற்குப் பயப்படும் பயிர்கள். ஒரு பில்லியனில் சில பங்கு இருந்தாலே போஞ்சி சுருளும். சோளம் புல் இனம் என்பதால் தப்பும். 2008 இல் பிரித்தானியா முழுக்க அலொட்மென்ட்காரர்களுக்கு இது நடந்து, மருந்தின் பாவனையைச் சிறிது காலம் நிறுத்தி வைத்து, பிறகு கட்டுப்பாடுகளோடு திரும்ப அனுமதித்தார்கள்.

அண்ணைக்கு ஒன்றுதான் செரிக்கவில்லை. “விலங்கு திண்டு செமிச்சு, பிறகு ரெண்டு வருசம் கிடந்து உக்கினதுக்குள்ளயும் நஞ்சு இருக்குமோ?” ஊரில் எருவின் தரத்தைச் சொல்ல அவருக்கு இருந்த அளவுகோல் அதுதான்: பழசாக இருக்க வேண்டும், மணக்கக் கூடாது, கையில் உதிர வேண்டும். இந்த எரு அந்த மூன்றிலும் தேறியது. அந்த அளவுகோலை நானும் அவரைப் போலவே நம்பினேன்.

மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவில்லை, அந்தச் செலவு அவர்களுக்குத் தாங்காது. ஆகவே இது அறிகுறி, படம், பிறகு செய்த சட்டிச் சோதனை மூன்றையும் சேர்த்து வந்த முடிவு. லாயத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். உலர்புல்லைக் கைமாறிக் கைமாறி வந்த இடத்தில் வாங்கியிருந்தார்கள், எந்தப் புல்வெளி என்று அவர்களுக்கே தெரியாது. அதற்குப் பிறகு எரு கொடுப்பதை நிறுத்திவைத்தார்கள்.

எடுத்த முடிவுகள்

மேல்மண்ணை வெட்டி அகற்றலாம் என்று அண்ணை முதலில் நினைத்தார். ஆறு பாத்தி மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கொட்டினால் இன்னொருவருக்கு அதே தொல்லை. அதனால் விட்டோம்.

சுருண்ட செடிகளைப் பிடுங்கினார்கள். அவற்றைத் தங்கள் கொம்போஸ்ட் குவியலில் சேர்க்கவில்லை, கவுன்சிலின் பச்சைக் கழிவுத் தொட்டியிலும் போடவில்லை. அந்தத் தொட்டியில் போவது திரும்பக் கொம்போஸ்டாகி யாரோ ஒருவர் தோட்டத்துக்குத்தான் வரும். ஒரு மூலையில் தனியாகக் குவித்துப் பலகை நட்டு வைத்தார்கள். உருளைக்கிழங்குப் பாத்தியில் கிடைத்த சில சிறு கிழங்குகளைச் சாப்பிட மனம் வரவில்லை, அவற்றையும் அந்தக் குவியலிலேயே போட்டார்கள்.

காலியான பாத்திகளை மூன்று கிழமைக்கு ஒருமுறை கொத்திப் புரட்டுவது என்று முடிவெடுத்தோம். மண்ணில் காற்றும் ஈரமும் சூடும் இருந்தால் நுண்ணுயிர்கள் அந்த மருந்தை உடைக்கும். ஆனால் அந்த வருடம் காலநிலை ஒத்துழைக்கவில்லை. இங்கிலாந்துக்கு 1935 இற்குப் பிறகு மிக வறண்ட ஜூலை அது. ஜூலை 19 இல் லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. களி செங்கல்லாகிவிட்டது. புரட்டும் முன் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்ற வேண்டியிருந்தது. 60 வயது தாண்டிய இருவர் அதைச் செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓகஸ்ட் முழுக்க நானும் முதியவரும் மாறி மாறி ஒரு பாத்தியைப் புரட்டிக் கொடுத்தோம்.

அந்தக் கோடையில் வீட்டுக்குப் போனவை சோளம், வேலியோரப் போஞ்சி, பையில் இருந்த நாலு செடித் தக்காளி, கோவா, வெங்காயம். அக்கா அந்த நாலு செடியின் பழத்தையும் எண்ணி எண்ணிப் பறித்தார்.

ஒக்டோபரில் ரை என்ற தானியத்தை விதைத்தார்கள். புல் இனம் என்பதால் பாதிக்கப்படாது, வேர் களியை இளக்கும். மார்ச்சில் அதை வெட்டி மண்ணுக்குள் புதைத்தபோது அண்ணை, “இதுதான் எங்கட குழை தாழ்க்கிறது” என்றார். ஜூனுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றுதான்.

சட்டிச் சோதனை

2023 மார்ச் கடைசியில் ஒவ்வொரு பாத்தியிலும் நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து தனித்தனிச் சட்டியில் இட்டோம். ஒப்பிடுவதற்கு ஒரு சட்டியில் கடைக் கொம்போஸ்ட் மட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று புரோட் பீன்ஸ் விதை. ஒரு சட்டியின் தண்ணீர் மற்றதில் கலக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு வைத்தோம். அக்கா அவற்றைக் குசினி ஜன்னலில் அடுக்கி, ஒவ்வொரு சட்டியிலும் பாத்தி இலக்கத்தை ஐஸ்கிரீம் குச்சியில் எழுதிக் குத்தினார்.

நாலு கிழமையில் விடை தெரிந்தது. எரு போட்ட ஆறு பாத்திகளில் நாலின் செடிகள் கொம்போஸ்ட் சட்டியின் செடிகளைப் போலவே இருந்தன. இரண்டில் நுனி இலை லேசாக மடிந்திருந்தது. அந்த இரண்டும் காணியின் பள்ளப் பக்கம். முந்தைய கோடையில் தண்ணீர் போதாமல் சரியாகப் புரட்டாதவையும் அவையே. எது காரணம் என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியில்லை.

2023 உம் 2024 உம்

அந்த இரண்டு பாத்திகளில் சோளமும் கோவாவும் போட்டார்கள். மற்ற நாலில் போஞ்சி, உருளைக்கிழங்கு, தக்காளி. இலைகள் அகலமாக விரிந்தன. ஜூலையில் விடாத மழை. மாத முடிவில் உருளைக்கிழங்குக்கு வெளிறல் வந்தது. இலையில் கரும்புள்ளியைக் கண்டதும் அக்கா பதறி எனக்கு அழைத்தார். இது வேறு நோய், எருவால் வந்ததல்ல என்று தெரிந்தபோது இருவருக்கும் நிம்மதி. தழையை வெட்டி அகற்றிவிட்டு இரண்டு கிழமை கழித்துக் கிழங்கைக் கிண்டினார்கள். 31 கிலோ கிடைத்தது. தக்காளியில் வெளிறலைத் தாங்கும் கிரிம்சன் கிரஷ் இனத்தை நட்டிருந்ததால் செப்டம்பர் வரை பறித்தார்கள்.

2024 வசந்தத்தில் எஞ்சிய இரண்டு பாத்திகளின் மண்ணை மறுபடி சட்டியில் வைத்துப் பார்த்தார்கள். இந்த முறை இலை மடியவில்லை. ஈரமான வசந்தம் என்பதால் நத்தைகள் முதல் போஞ்சியைத் தின்றுவிட்டன. இரண்டாம் முறை போட்டது நன்றாக வந்தது.

இப்போது வேறாகச் செய்பவை

வெளியிலிருந்து எரு, வைக்கோல், உலர்புல் எது வந்தாலும் பாத்திக்குப் போகும் முன் போஞ்சிச் சோதனை. எருவையும் கொம்போஸ்டையும் சரிபாதி கலந்து, ஒப்பிடத் தனிச் சட்டியும் வைத்து, மூன்று நாலு கிழமை பார்க்க வேண்டும். குவியலின் ஒரே இடத்தில் எடுத்தால் போதாது, பல இடத்திலும் எடுக்க வேண்டும். ஒரு குவியலில் ஒரு மூலை சுத்தமாகவும் மறுமூலை நஞ்சாகவும் இருக்கலாம். எங்கள் தொகுதியில் எரு கொட்டும் இடத்தில் இப்போது ஒரு பலகை நிற்கிறது. வந்த திகதி, வந்த இடம், சோதனை முடிந்ததா என்று மூன்று வரி. மூன்றாவது வரி நிரம்பும்வரை யாரும் அள்ளுவதில்லை. எரு தருபவரிடம் உலர்புல் எங்கே வாங்கியது, அந்தப் புல்வெளிக்கு என்ன தெளித்தது என்பதை முதல் கேள்வியாகக் கேட்கிறோம். பதில் தெரியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

நான் தனிப்பட்ட முறையில் மாற்றிக்கொண்டது, ஒரே வருடத்தில் எல்லாப் பாத்திக்கும் ஒரே எருவைப் போடச் சொல்லாமல் இருப்பது. அன்று எட்டாவது பாத்திக்கும் எரு எட்டியிருந்தால் எங்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க நிலத்தில் ஒன்றும் இருந்திருக்காது. கடிதம் போயிருக்கும்.

அண்ணையும் அக்காவும் பெரும்பாலும் தங்கள் கொம்போஸ்டையும், கவுன்சில் கொண்டுவந்து கொட்டும் உதிர்ந்த இலையை மக்க வைத்ததையும் பாவிக்கிறார்கள். வேலியோரப் பாத்தியில் இன்னும் வெளி எரு போடுவதில்லை. ஒவ்வொரு வருடமும் அங்கே ஒரு வரிசை போஞ்சி மட்டும் போடுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் சாயும் காயை முதியவர் பறித்துக்கொள்வார்.